நாலு நாள் பழசான சீட்டு

வியாழக்கிழமை மருந்துக்கடையில் நடந்ததை மறுபடி முழுசாக எழுதப்போவதில்லை. படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்கு ஒரே வரி: எனக்கு இருக்கிற பைபோலாருக்கு, அதாவது மனசு ஒரு சமயம் எகிறி ஒரு சமயம் அடியோடு விழுகிற நோய்க்கு, டாக்டர் எழுதிக்கொடுத்த மூன்று மாதச் சீட்டு, தேதி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது, மாத்திரை தரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு இருந்தது வெறும் எரிச்சல். அதை எழுதிய பிறகு வந்து குவிந்த அறிவுரைகளைப் படித்துத்தான் கோபம் வந்தது.

"கொஞ்சம் முன்னாடியே வாங்கி வச்சிருக்கலாமே?"

வாங்கப் போனேனே! போன தடவை பத்து நாள் முன்னாடியே போனேன். அதே கடை, அதே ஆள். "பத்து நாளுக்கு இன்னும் இருக்கணுமே, அதுக்குள்ள எப்படித் தீர்ந்துச்சு?" என்று பின்னால் நின்ற ஐந்து பேருக்கும் கேட்கிற குரலில் கேட்டார். தீரலைங்க, வெளியூர் போறேன் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். சீக்கிரம் போனால் சந்தேகம். தாமதமாகப் போனால் பொறுப்பில்லாதவள். இரண்டுக்கும் நடுவில் சரியான நாள் என்று ஒன்று இருக்கிறது; அந்த நாளில் டாக்டர் லீவு.

நிஜமாகவே லீவு. சீட்டு முடிகிற அன்றைக்குத்தான் எனக்கு அப்பாயின்ட்மென்ட். முந்தின நாள் சாயங்காலம் கிளினிக்கிலிருந்து போன் வந்தது, எட்டு நாள் தள்ளி வைத்திருக்கிறோம் என்று. அப்படியானால் அதுவரைக்கும் மாத்திரை? "அது டாக்டர்கிட்டதாங்க கேக்கணும்." டாக்டர்கிட்ட எப்படிங்க கேக்குறது? "எட்டு நாள் கழிச்சு வர்றீங்கல்ல, அப்பக் கேளுங்க." அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார்.

மாத்திரை விழுங்க ஐந்து வினாடி ஆகும். அந்த மாத்திரை கைக்கு வந்து சேர்வதற்குள் பார்க்கவேண்டிய வேலை இருக்கிறதே, சீட்டு, தேதி, ரத்தப் பரிசோதனை, போன், வரிசை, அந்த மொத்தமும் நோயாளியின் தலையில்தான். அதுவும் எந்தத் தலை என்று பாருங்கள். படுக்கையிலிருந்து எழுந்து பல் துலக்குவதே பெரிய காரியமாக இருக்கிற தலை. நாளைக் கணக்கு வைக்கமுடியாமல் போகிற நோய்க்கு, நாளைக் கணக்கு வைத்தால்தான் மருந்து.

"ரெண்டு நாள் போடலைன்னா என்ன ஆயிடப்போகுது?" இதைக் கேட்டவர் நல்ல மனுஷர், எனக்கு அவரைத் தெரியும். அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். நான் போடுவது லாமோட்ரிஜின், மனநிலை ஏறி இறங்காமல் பிடித்து வைக்கிற மாத்திரை. தொடங்கும்போது 25 எம்ஜி, இரண்டு வாரம். பிறகு 50, இன்னும் இரண்டு வாரம். அப்புறம் 100. ஆறாவது வாரத்தில்தான் 200. ஏன் இந்த ஆமை நடை என்றால், அவசரப்பட்டு ஏற்றினால் தோலில் தடிப்பு வரலாம். அரிதாக அது ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்கிற, தோலே உரிந்து உயிருக்கு உலை வைக்கிற நிலைவரை போகும். சரி, ஏற்றியாகிவிட்டது. நடுவில் ஐந்தாறு நாள் விட்டுப்போனால்? விட்ட இடத்திலிருந்து 200 போட முடியாது. திரும்பவும் 25லிருந்து ஆரம்பிக்கவேண்டும். கடைக்காரருக்குச் சீட்டு நாலு நாள் பழசு. எனக்கு அது ஆறு வாரம்.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி கிடையாது என்பதுகூடத் தெரியாமல்தான் எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைகளையே பாருங்கள். ஃப்ளுவாக்ஸெட்டின் உடம்பில் நாள்கணக்கில் தங்கும். வென்லாஃபாக்சின் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். பல வருஷம் முன்னால், பைபோலார் என்று தெரிவதற்கு முன்பு, எனக்கு வென்லாஃபாக்சின்தான். ஒரு தடவை இதே கதையாகி இரண்டு நாள் விட்டுப்போனது. தலையைத் திருப்பினால் மண்டைக்குள் சொடக்கு மாதிரி ஒரு மின்சாரம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பினேன், சொடக். கண்டக்டர் பக்கம் திரும்பினேன், சொடக். கழுத்தை ஆட்டாமல் பொம்மை மாதிரி உட்கார்ந்து வந்தேன். அன்றைக்கும் யாரோ சொன்னார்கள், எல்லாம் மனசுதான் காரணம் என்று.

அடுத்து, "அவர் சட்டப்படி நடந்துகொண்டார், அதில் என்ன தப்பு?" ஒப்புக்கொள்கிறேன். பதற்றத்துக்குக் கொடுக்கிற குளோனாசிபாம், அல்ப்ராசோலாம் மாதிரி பழக்கத்தில் மாட்டிவிடுகிற மாத்திரைகள் இருக்கின்றன, கெடுபிடி வேண்டும்தான். ஒரு காலத்தில் என் கையில் ஏழு நாளுக்கு மேல் எந்த மாத்திரையும் தரமாட்டார்கள். ஏன் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். அதை நான் என்றைக்கும் குறை சொன்னதில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் வியாழக்கிழமை எனக்கு முன்னால் நின்றவர் பிரஷர் மாத்திரை கேட்டார். கையில் சீட்டே இல்லை. "ஒரு அட்டை கொண்டுபோங்க சார், சீட்டு அப்புறம் காட்டுங்க" என்று எடுத்துக் கொடுத்தார்கள். நியாயம்தான், பிரஷர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. அடுத்த ஆள் நான். என் சீட்டை வாங்கி, மருந்தின் பெயரைப் படித்த பிறகுதான் தேதியைப் பார்த்தார். அந்த வரிசையில் நின்றிருந்தால் உங்களுக்கும் புரிந்திருக்கும். சட்டம் எனக்கு மட்டும் ஞாபகம் வந்தது.

இதில், "மன நோயும் சர்க்கரை நோய் மாதிரிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று வருஷத்துக்கு ஒரு நாள் படம் போடுகிறவர்கள் வேறு. அப்படியே நடத்துங்களேன், வேண்டாம் என்றா சொல்கிறேன்?

வெட்கம் எவ்வளவு செலவு வைக்கும் என்று எனக்குத் தெரியும். பைபோலாருக்கு நான் லித்தியம் என்கிற மருந்தும் சாப்பிடுகிறேன். ரத்தத்தில் அதன் அளவு 0.6க்கும் 0.8க்கும் நடுவில் நிற்கவேண்டும், 1.5 தாண்டினால் விஷம். இரண்டு வருஷத்துக்கு முன்பு பல்வலி. வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா என்று பல் டாக்டர் கேட்டார். அறையில் என் அலுவலகத்துக்காரர் ஒருவரும் இருந்தார். இல்லை என்றேன். ஐபுப்ரோஃபென் என்கிற வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார். அது லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றிவிடும். நாலாவது நாள் தம்ளரைத் தூக்கினால் தண்ணீர் தரையில். கை அப்படி நடுங்குகிறது. சோதித்தால் 1.4. தப்பு என் பேரில்தான், மறுக்கவில்லை. அந்த "இல்லை"யை என் வாயில் வைத்தது யார் என்பது மட்டும்தான் என் கேள்வி.

லித்தியத்தின் பலனை ஜான் கேட் என்கிற ஆஸ்திரேலிய மனநல டாக்டர் எழுதியது 1949ல். முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. மருந்தைக் கண்டுபிடித்தார்கள், அதை விட்டுப்போகாமல் வாங்கிக்கொள்ள வழி கண்டுபிடிக்கவில்லை. "மொபைல்ல ரிமைண்டர் வையுங்க." வைத்திருக்கிறேன் ராஜா, மூன்று. மூன்றும் அடித்தன. டாக்டருக்குத்தான் அடிக்கவில்லை.

சரி, டாக்டரைப் பார்க்கிறவரை மிச்சமிருந்த நாலு நாள் என்ன செய்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். புதன் ராத்திரி பார்த்தால் டப்பாவில் மிச்சம் இரண்டு. பாதி பாதியாக நாலு நாள். சமையல் கத்தியை வைத்து அழுத்தினேன். ஒரு துண்டு பெரிசாகவும், ஒன்று சின்னதாகவும், நடுவில் கொஞ்சம் பொடியாகவும் போனது. அந்தப் பொடியை விரலால் ஒற்றி நக்கினேன். இப்படிச் செய்யுங்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை, இப்படிச் செய்ய வைத்தார்கள் என்று சொல்கிறேன்.

"இதையெல்லாம் பொதுவில் எழுதணுமா?" என்று கேட்டது வெளி ஆள் இல்லை. அவருக்கு இங்கே பதில் சொல்லப்போவதில்லை.

நான் கோபப்படவே கூடாது, அதுதான் விஷயம். மற்றவர்கள் கோபப்பட்டால் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். நான் குரலை உயர்த்தினால் வீட்டில் ஒரே கேள்வி, "மாத்திரை போட்டியா?" பன்னிரண்டு வருஷமாக இதே கேள்வி. அம்மாவின் மருத்துவச் செலவுக் கணக்கில் ஒரு தப்பைக் காட்டினேன், மாத்திரை போட்டியா. என் அறையில் கேட்காமல் சாமான் வைத்தார்கள் என்றேன், மாத்திரை போட்டியா. நான் சொன்னது சரியா தப்பா என்று பார்க்கிற வேலையே அவர்களுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி அண்ணன் போன் செய்தார். மருந்துக்கடைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், கொஞ்சம் சத்தமாகத்தான். பாதியிலேயே நிறுத்திக் கேட்டார், "மாத்திரை போட்டியாம்மா?"

போட்டேண்ணா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.