'மற்றும் ஊழியர்கள்'

எதுவும் எழுதக்கூடாது என்றுதான் ரெண்டு நாளாக இருந்தேன். நம்ம ஊர் தியேட்டர் விழா போட்டோக்களில் ஆளாளுக்கு என்னை டேக் செய்து, "உங்கப்பா வேலை பார்த்த தியேட்டராச்சே, ஒரு வார்த்தை எழுதலையா?" என்கிறீர்கள். சரி, ரெண்டு வார்த்தையாகவே எழுதுகிறேன்.

மற்றும் ஊழியர்கள்.

விழா மலரின் 38-ம் பக்கம், நன்றிப் பட்டியலின் கடைசி வரி. அதற்கு மேலே முதலாளி வீட்டு மூன்று தலைமுறை, விநியோகஸ்தர்கள், பந்தல்காரர், மைக்செட்காரர் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. அன்று ஒருநாள் மைக் கட்டியவருக்குப் பெயர் உண்டு. முப்பத்தொரு வருஷம் அங்கே படம் ஓட்டிய என் அப்பா 'மற்றும்'.

மலரில் வரலாறே இல்லை என்று சொல்லமாட்டேன். 1905-ல் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டர் வாங்கியது, 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டியது, 1952-ல் மதுரையில் 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு தங்கம் தியேட்டர் திறக்கப்பட்டது, எல்லாம் இருக்கிறது. வாட்ஸப்பில் வருவதுதானே. நம்ம ஊருக்கு வந்ததும் வரலாறு நின்றுபோய்க் குடும்ப ஆல்பம் ஆரம்பமாகிவிடுகிறது. வின்சென்ட்டும் புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் படம் காட்டியவர்தான். இங்கே வேலை பார்த்திருந்தால் அவரும் 38-ம் பக்கத்தில்தான் இருந்திருப்பார்.

"முதல் போட்டவர் பேரைத்தானே போடுவாங்க?" போடட்டும். நான் எங்கே வேண்டாம் என்றேன்?

"சம்பளம் வாங்கிக்கிட்டுத்தானே செஞ்சார், தியாகமா?" இதைக் கேட்டவர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார். அவருக்காகவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஆபரேட்டர் ரூமில் ரெண்டு மெஷின். 2,000 அடி ரீல் ஒன்று சுமார் இருபத்திரண்டு நிமிஷம் ஓடும். அது ஓடும்போதே அடுத்ததைப் பக்கத்து மெஷினில் கோத்துவைக்க வேண்டும். ரீல் முடியும் நேரத்தில் திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னும். உடனே அடுத்த மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு நொடியில் இன்னொரு புள்ளி வரும்போது படம் இந்த மெஷினிலிருந்து அந்த மெஷினுக்கு மாறியாக வேண்டும். நீங்கள் கதாநாயகியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்பா அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சத்துக்கு அப்போது பல்பு கிடையாது. ரெண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரிகிற ஆர்க். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளியைத் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். அசந்தால் திரை மங்கும். உடனே கீழேயிருந்து விசில், "டேய் ஆபரேட்டர்!", அப்புறம் எங்கள் பாட்டி வரைக்கும் இழுத்து வசவு. கார்பன் குச்சி தேவைப்படாத செனான் விளக்கு வந்த பிறகுதான் அது குறைந்தது. தேய்ந்த குச்சித் துண்டுகளை அப்பா சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். வெளியே செம்புப் பூச்சு, உள்ளே கரி. நான் 'அ' எழுதியதே அதில்தான், திண்ணைச் சுவரில். சட்டைக் கறைக்காக அம்மா அவரைத் திட்டுவாள், சுவருக்காக என்னை.

தீபாவளி, பொங்கல் என்றால் கூடுதல் காட்சி. எங்கள் வீட்டில் தீபாவளி மறுநாள்தான். குடும்பத்தோடு உட்கார்ந்து அப்பா ஒரு முழுப் படம் பார்த்து நான் கண்டதில்லை. சம்பளம் வாங்கினார்தான், ஐயா.

மேடையில் ஒருவர் இலங்கைத் தமிழறிஞர் பேராசிரியர் சிவத்தம்பியின் கருத்தைச் சொன்னார். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை, இடம் தந்தது பிறப்பு அல்ல, டிக்கெட் காசு என்று. நல்ல கருத்து, நானும் கை தட்டினேன். தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் முன்னால் சோபா, அதற்குப் பின்னால் சேர், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு அப்பா சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நின்றுகொண்டிருந்தார். தரை டிக்கெட்டுக்காவது உட்கார இடம் இருக்கும்.

"மலர் போட்டவங்க சின்னப் பசங்க, ராத்திரி பகலா உழைச்சாங்க, மனசு நோகப் பேசாதீங்க." உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீடு தியேட்டரிலிருந்து ரெண்டு தெரு தள்ளி. டிக்கெட் கிழித்தவரின் மகள் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறார், நீங்கள் தினமும் பார்க்கிறவர்தான். அவரிடமாவது கேட்டிருக்கலாம். முதலாளி வீட்டு ஆல்பத்துக்காக மட்டும் சென்னை வரைக்கும் கார் போயிருக்கிறது.

எனக்கு இவ்வளவு கோபம் வரவேண்டியதில்லைதான். அப்பாவுக்கே வரவில்லை. நேற்று ராத்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மலரைப் புரட்டினார். 38-ம் பக்கத்தைப் பார்த்துவிடுவாரே என்று எனக்குத்தான் படபடப்பு. அவர் 12-ம் பக்கத்திலேயே நின்றுவிட்டார். 'நம் திரையரங்கின் புரொஜக்டர்' என்று ஒரு படம். விளக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது நம்ம மெஷின் இல்லையேடா. நம்மளோடது போட்டோபோன் கம்பெனி மெஷின். இது பதினாறு எம்.எம்., பள்ளிக்கூடத்துல படம் காட்டுறது."

நெட்டிலிருந்து எடுத்திருப்பாங்கப்பா என்றேன்.

"என்கிட்ட போட்டோ இருக்கே. கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார்.