டெஃப் லெப்பர்டை 'பிளாஸ்டிக்' என்று சொல்கிறவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை நண்பன் வீட்டில் பேச்சு எண்பதுகளின் ஹார்டு ராக் பக்கம் போனது. ஏசி/டிசி இசைக்குழு பற்றி அரை மணி நேரம் உருகி உருகிப் பேசினான். நான் டெஃப் லெப்பர்ட் என்கிற பிரிட்டிஷ் இசைக்குழுவின் பெயரை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. "அது பிளாஸ்டிக்டா. ஸ்டுடியோல உக்காந்து ஒட்டுப் போட்ட மியூசிக். அதுல மனுஷன் எங்க இருக்கான்?" என்றான். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள், பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் கல்லூரி நாட்களில் தேய்ந்துபோன ஒரு கேசட்டில் அவர்களுடைய 'ஹிஸ்டீரியா' ஆல்பத்தைக் கேட்ட காலத்திலிருந்து இதே குற்றச்சாட்டைப் பலர் வாயால் கேட்டுவிட்டேன். இந்த முறை முழுசாகப் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் வரும்.

ஒட்டுப் போட்டது என்பது உண்மை. அதை நான் மறுக்கப் போவதில்லை. 1987 ஆகஸ்டில் வெளிவந்த 'ஹிஸ்டீரியா'வின் வேலை 1984லேயே டப்ளினில் தொடங்கிவிட்டது. ஜிம் ஸ்டைன்மேனைத் தயாரிப்பாளராக வைத்துப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. தாங்களாகவே முயன்றார்கள், அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் அவர்களுடைய பழைய தயாரிப்பாளர் மட் லாங் திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். டப்ளின், ஹாலந்தில் ஹில்வர்சம், பாரிஸ் என்று ஸ்டுடியோ மாறி மாறி மூன்று வருடம் போனது. ஐம்பது லட்சம் பிரதி விற்றால்தான் போட்ட காசு திரும்பும் என்கிற நிலைமை என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

அந்த மூன்று வருடம் அப்படி என்னதான் செய்தார்கள்? கிதாரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சில சுரங்கள்) என்றால் எல்லாக் கம்பிகளையும் ஒரே இழுப்பில் மீட்டுவதுதான் வழக்கம். ராக் கிதாரில் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவார்கள். அப்போது ஒன்றாக ஒலிக்கிற கம்பிகள் ஒன்றோடொன்று கலந்து கூடுதலாக ஒரு இரைச்சலைக் கிளப்பும். முரட்டு ரிஃப்புக்கு (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிதார் வரிக்கு) அந்த இரைச்சல் அழகு. ஆனால் நாலைந்து சுரம் உள்ள நுணுக்கமான கார்டு அதில் சேறாகிவிடும். லாங் செய்தது இதுதான்: சில இடங்களில் கார்டைப் பிரித்து, ஒவ்வொரு கம்பியாக மீட்ட வைத்து, தனித்தனியாகப் பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கரகரப்பும் இருக்கும், உள்ளே ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கும். ஒரே ஆள் ஒரே கையால் இதை வாசிக்கவே முடியாது. அந்தப் பெரிய கிதார் சத்தத்தில் பெரும்பகுதி ராட்சச ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்ததும் இல்லை. பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் வடிவமைத்த, வாக்மேன் போலச் சின்னதாக இருக்கும் ராக்மேன் என்கிற பெட்டியிலிருந்து வந்தது. கோரஸ் குரல்களையும் இப்படியே திரும்பத் திரும்பப் பாடி அடுக்கினார்கள், அந்த அடுக்கில் லாங்கின் குரலும் உண்டு. ட்ரம்ஸ் கடைசியாகத்தான் வந்தது.

என் நண்பன் இதை 'ஏமாற்று' என்கிறான். அவன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிற ஏசி/டிசியின் 'ஹைவே டு ஹெல்' 1979இல் வந்தது, 'பேக் இன் பிளாக்' 1980இல் வந்தது. இரண்டையும் தயாரித்தது யார்? இதே மட் லாங். ஒரு டேக் (ஒரு தடவை வாசித்துப் பதிவு செய்தது) தன் காதுக்குச் சரியாக வரும்வரை விடாத மனிதர் என்று அவரோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். 'பச்சையாக, நேர்மையாக' இருக்கிறது என்று நாம் கொண்டாடுகிற அந்த ஒலியும் ஸ்டுடியோவில் ஒருவர் காது கொடுத்து, திருத்தித் திருத்திக் கொண்டுவந்த ஒலிதான். அங்கே எளிமை வேண்டியிருந்தது, எளிமையாகச் செய்தார். இங்கே மாளிகை வேண்டியிருந்தது, மாளிகை கட்டினார். ஒன்றை நேர்மை என்றும் இன்னொன்றைப் பொய் என்றும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவர்கள் ஊரையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். டெஃப் லெப்பர்ட் 1977இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவான இசைக்குழு. எஃகு நகரம். கத்தி, கரண்டி, கத்தரிக்கோலுக்குப் பேர்போன ஊர். இந்தப் பையன்கள் ஒத்திகை பார்த்ததே ஒரு பழைய கரண்டித் தொழிற்சாலைக் கட்டடத்தில்தான். 1980 தொடக்கத்தில் பிரிட்டன் முழுக்க எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது, அதற்கப்புறம் ஆலைகள் ஒவ்வொன்றாக ஆட்களைக் குறைத்தன. அதே ஊரிலிருந்து அதே காலத்தில் ஹியூமன் லீக்கும் கேபரே வால்டேரும் வந்தார்கள். சின்தசைசரும் ட்ரம் மெஷினும் வைத்துப் பாட்டுக் கட்டியவர்கள். அவர்களை யாரும் 'மெஷின் வைத்து ஏமாற்றினார்கள்' என்று திட்டுவதில்லை, எதிர்காலத்தை முன்கூட்டியே கேட்டவர்கள் என்று பாராட்டுகிறோம். என் காதுக்கு 'ஹிஸ்டீரியா' அவர்களுடைய இசைக்குப் பக்கத்து வீட்டு இசையாகத்தான் கேட்கிறது. கிதாரை வைத்துக்கொண்டு, சின்தசைசர்காரன் பாட்டுக் கட்டுகிற முறையில் கட்டியிருக்கிறார்கள். ராக் கூட்டம் இதை மன்னிக்காததற்குக் காரணம், கையில் கிதார் இருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

சொந்த நாட்டு ரசிகர்களுக்கு இவர்கள் மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு கோபம் உண்டு. 1980இல் வந்த முதல் ஆல்பத்திலேயே அமெரிக்காவை வாழ்த்தி ஒரு பாட்டு. அந்த ஆண்டே அமெரிக்கப் பயணமும் போனார்கள். ஆகஸ்டில் ரெடிங் விழா மேடையில் ஏறியபோது கீழேயிருந்து டப்பாக்கள் பறந்துவந்தன. 'விலைபோய்விட்டார்கள்' என்ற பேச்சு அன்றைக்கு ஒட்டியது, இன்றுவரை போகவில்லை. அப்போது ட்ரம்மர் ரிக் ஆலனுக்குப் பதினாறு வயது, மற்றவர்கள் இருபது வயதுப் பையன்கள். வேலை இல்லாத ஒரு ஊரிலிருந்து கிளம்பியவர்கள் பெரிய உலகத்தைப் பார்க்க ஆசைப்பட்டதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.

இனி ரிக் ஆலன். இவரைப் பற்றிப் பேசாமல் 'மெஷின் மியூசிக்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. 1984 டிசம்பர் 31. ஷெஃபீல்டுக்கு வெளியே கார் விபத்தில் இடது கை துண்டாகிவிட்டது. மருத்துவர்கள் ஒட்டிவைத்தார்கள், தொற்று வந்ததால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு வயது இருபத்தொன்று. ட்ரம்மர். கை போனால் தொழிலே போனது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி கால்களால் தாளம் தட்டிப் பார்த்தார். இடது கை செய்த வேலையை இடது காலிடம் கொடுக்க முடியுமா என்று யோசித்தார். சிம்மன்ஸ் எலக்ட்ரானிக் ட்ரம்ஸில் அவருக்கென்று கூடுதல் பெடல்கள் வைத்து ஒரு அமைப்பு உருவானது. கால் பெடலை மிதித்தால் ஸ்நேர், டாம் என்கிற ட்ரம்கள் பேசும். ஒரு பெரிய இசைக்குழு வேறு ட்ரம்மரைத் தேடிப் போயிருந்தால் அந்தத் தொழிலில் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். இவர்கள் போகவில்லை. காத்திருந்தார்கள்.

1986இல் அயர்லாந்தில் சில சின்ன நிகழ்ச்சிகளில், துணைக்கு ஸ்டேட்டஸ் க்வோ இசைக்குழுவின் ட்ரம்மர் ஜெஃப் ரிச்சையும் வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். ஒருநாள் ரிச் வந்துசேரத் தாமதமாகிவிட்டது, ஆலன் தனியாகவே சமாளித்தார். அதற்கப்புறம் துணை தேவைப்படவில்லை. ஆகஸ்ட் 16, டானிங்டன் விழா. பாடகர் ஜோ எலியட் ஆலன் பெயரைச் சொன்னபோது அந்தக் கூட்டம் எழுப்பிய சத்தத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். 'மனுஷன் எங்க இருக்கான்' என்று கேட்ட நண்பனுக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த மெஷின் இல்லாவிட்டால் அந்த மனுஷன் மேடையில் இருந்திருக்கவே மாட்டான்.

'ஹிஸ்டீரியா' வெளிவருவதற்கு இரண்டு வாரம் முன்னால் கன்ஸ் அண்ட் ரோசஸ் என்கிற அமெரிக்க இசைக்குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அது தெரு, இது ஸ்டுடியோ, அது உண்மை, இது பூச்சு என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது பலருக்குப் பழக்கம். அமெரிக்கப் பட்டியலில் இரண்டுமே முதலிடத்துக்கு ஏற ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. 'ஹிஸ்டீரியா' 1988 ஜூலையில் ஏறியது, மற்றது அடுத்த மாதமே ஏறியது. ஒரே கோடைகாலத்தில் சனங்கள் இரண்டையும் வாங்கியிருக்கிறார்கள். கேட்கிறவனுக்கு இல்லாத சண்டை எழுதுகிறவனுக்கு எதற்கு?

இன்னொன்று. அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் தூக்கி நிறுத்திய 'போர் சம் ஷுகர் ஆன் மி' திட்டம் போட்டுச் செய்த பாட்டே இல்லை. வேலை கிட்டத்தட்ட முடிந்த நிலையில், இடைவேளையில் ஜோ எலியட் சும்மா ஒரு கிதாரை மீட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். லாங் காதில் விழுந்தது, விடவில்லை. மற்ற பாட்டுகளுக்கு மாதக்கணக்கில் ஆன இடத்தில் இது சீக்கிரமே முடிந்தது. மூன்று வருடம் கல்லுடைத்தவர்கள் கையில் கடைசியில் ஒரு பாட்டு தானாக வந்து விழுந்திருக்கிறது.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. பாட்டு வரிகள் பெரும்பாலும் சுமார். பெண்களைப் பற்றி எழுதியிருக்கிற பல வரிகளை இன்றைக்கு என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. 'காட்ஸ் ஆஃப் வார்' மாதிரி, ரீகன், தாட்சர் குரல்களை உள்ளே வைத்துப் போரைப் பற்றிப் பேசுகிற பாட்டு இன்னும் நாலு இருந்திருக்கலாம். 1992இல் வந்த அடுத்த ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, ஆனால் எனக்கு அது 'ஹிஸ்டீரியா'வின் நிழலாகத்தான் கேட்கிறது. அதே அடுக்கு, அதே பளபளப்பு, உள்ளே பாட்டு மெலிந்துவிட்டது. அந்த ஆல்பத்தில் ஸ்டீவ் கிளார்க் இல்லை.

நண்பனோடு நான் ஒத்துப்போகிற ஒரே இடம் இதுதான். ஸ்டீவ் கிளார்க் என்கிற கிதார் கலைஞனை நாம் போதிய அளவு கேட்கவில்லை. சாஸ்திரிய கிதார் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு அப்பா கிதார் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். ரிஃப் போடுவதில் மன்னன். 1981இல் வந்த 'ஹை அண்ட் டிரை' ஆல்பத்தில் 'ஸ்விட்ச் 625' என்று பாடல் வரியே இல்லாத ஒரு இசைத் துணுக்கு இருக்கிறது, அவர் அமைத்தது. கம்பி கம்பியாகப் பிரிக்காமல், கைகள் அப்படியே ஓடுகிற வாசிப்பு. அதைக் கேட்கும்போது, அடுக்கி அடுக்கிக் கட்டிய பிற்கால ஆல்பங்களில் இந்தக் கைக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாமே என்று எனக்கும் தோன்றும். குடி அவரை விடவில்லை. 1990இல் ஓய்வெடுக்கச் சொல்லி நண்பர்கள் விடுப்புக் கொடுத்தார்கள். 1991 ஜனவரி 8 அன்று லண்டன் வீட்டில் இறந்தார், வயது முப்பது. அடுத்த ஆல்பத்தின் கிதார் முழுவதையும் குழுவின் இன்னொரு கிதார் கலைஞர் பில் காலன் ஒருவரே வாசித்து முடித்தார், நண்பனுக்காகப் போட்டுவைத்திருந்த இடங்களையும் சேர்த்து.

வருகிற ஞாயிறு மறுபடி அவன் வீட்டுக்குப் போகிறேன். நல்ல ஸ்பீக்கர் வைத்திருக்கிறான். முதலில் 'ஸ்விட்ச் 625'. அப்புறம் 'ஹிஸ்டீரியா', முதல் பாட்டிலிருந்து, நடுவில் பேச்சு இல்லாமல்.