தொட்டிக்கு ஏத்த மாதிரி வளருமாம்!

"தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் சார் வளரும்." மீனைப் பற்றி இதைச் சொன்ன கடைக்காரனைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எழுத ஆசைதான். ஆனால் தேடவே வேண்டாம், அதே கடையில் அதே ஸ்டூலில் உட்கார்ந்து இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஒன்றரை வருஷம் முன்னால் மகள் பிறந்தநாளுக்குக் கோல்ட் ஃபிஷ் வாங்கத்தான் சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போனோம். அங்கே வரிசையாகப் பிளாஸ்டிக் டம்ளர், டம்ளருக்கு ஒரு ஃபிளவர்ஹார்ன் மீன் குஞ்சு, என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. ஏன் ஒவ்வொன்றையும் தனித்தனி டம்ளரில் வைத்திருக்கிறார்கள் என்று அந்த நிமிஷமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "வாஸ்து மீன் சார், தலை வந்துச்சுன்னா, அதான் நெத்தியில மேடு புடைச்சுச்சுன்னா, வீட்டுக்கு யோகம்" என்றான் கடைக்காரன். 400 ரூபாய் மீனுக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் தொட்டி, துணைக்கு ரெண்டு பேரட் ஃபிஷ், அழுக்குத் தின்ன ஒரு சக்கர் மீன், கலர் கூழாங்கல், சொட்டு மருந்து. "தண்ணிய ரொப்புங்க, பத்து சொட்டு விடுங்க, சாயந்திரம் மீனை விட்ருங்க." மகள் அதற்குக் குட்டி என்று பேர் வைத்தாள்.

குட்டி இப்போது 10 அங்குலம். தொட்டியின் அகலம் 12 அங்குலம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அது திரும்புவதைப் பார்த்தால், சந்துக்குள் மாட்டிக்கொண்ட மாநகரப் பேருந்து முன்னே பின்னே போய்த் திரும்புமே, அதேதான், நடுவில் வால் கண்ணாடியில் இடிக்கும். இன்னும் வளரும், ஒரு அடிவரை போகும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 வருஷம் இருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தது எட்டாவது மாசத்தில். தொட்டிக்கு ஏற்ற மாதிரி எந்த மீனும் வளராது சார்! சின்னத் தொட்டியில் கழிவு சேர்ந்து, உடம்பு கெட்டு, வளர்ச்சி குன்றும். அதற்குப் பேர் நோய். அதைப் போய் ஏதோ மீனுக்கு இருக்கிற புத்திசாலித்தனம் மாதிரி விற்கிறார்கள்.

பேரட் ரெண்டும் மூன்று மாசம் தாங்கின. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தால் ஒன்று மேலே மிதக்கிறது, செதிலே இல்லை, வழித்தெடுத்தது போல் வெள்ளையாக. இன்னொன்று ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கி நின்றது, சாயந்திரம் அதுவும் போனது. சக்கருக்கு ரெண்டு கண்ணும் இல்லை. மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் மூன்றையும் துளசிச் செடிக்கடியில் புதைத்துவிட்டு, "கடைக்காரர் வந்து வாங்கிட்டுப் போயிட்டார்மா" என்று பொய் சொன்னேன். குட்டி மேல் தப்பு சொல்ல முடியாது. அது சேர்ந்த சிக்லிட் என்கிற மீன் குடும்பமே அப்படித்தான், முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கிற இனம், இடத்தைப் பிடித்து விரட்டுவதுதான் அதன் பிழைப்பு. அதை 2 அடிப் பெட்டிக்குள் மூன்று பேரோடு அடைத்தது யார்? கடைக்காரன் சொல்லி நான்.

அப்புறம் தண்ணீர்க் கதை. இதில் என் முட்டாள்தனம்தான் பெரிது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லை, ஃபில்டர் ஸ்பாஞ்சை எல்லாம் குழாயடியில் பளபளவென்று தேய்த்துக் கழுவுவேன். அவ்வளவு சுத்தம்! மீன் செவுள் வழியாக அமோனியா விடுகிறது, அது விஷம், அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அந்தக் கல்லிலும் ஸ்பாஞ்சிலும்தான் குடியிருக்கிறது, புதுத் தொட்டியில் அது உருவாகவே நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நான் ஒவ்வொரு ஞாயிறும் குளோரின் போட்ட மெட்ரோ வாட்டரில் அந்த மொத்தக் குடியிருப்பையும் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும், ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினால் போதும். இதைச் சொல்ல அந்த மகானுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? சொன்னால் மாசாமாசம் சொட்டு மருந்து யாருக்கு விற்பது?

உள்ளே கைவிட்டால் கடிக்கிறது. சும்மா இல்லை, ரத்தம் வரும். போன டிசம்பரில் ஹீட்டரை முட்டி உடைத்துவிட்டது, நல்லவேளை சுவிட்ச் அணைத்திருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கூழாங்கல்லை வாயில் கவ்வி எடுத்துக் கண்ணாடியில் போடும், டொக், டொக். (காலையில் நான் சட்டை மாட்டிக்கொண்டு வரும்போது மட்டும் கண்ணாடியோடு ஒட்டி நின்று உடம்பை ஆட்டும். வேறு யார் வந்தாலும் ஆட்டாது. அதனால்தான் கோபம் கடைக்காரன் மேலேயே நிற்கிறது.)

சொந்தக்காரர்கள் யோசனை வேறு. "ஏரியில விட்டுடுப்பா, புண்ணியம்." எந்த ஏரியில் மாமா? இது எந்த ஆற்று மீனும் இல்லை. மத்திய அமெரிக்க சிக்லிட்டுகளைக் கலந்து 1990களில் மலேசியப் பக்கம் உருவாக்கிய கலப்பு. அங்கேயும் சிங்கப்பூரிலும் இப்படிப் புண்ணியம் தேடியவர்களால்தான் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. நம் ஊருக்கு 1952இல் கொண்டுவந்த ஜிலேபி மீனும் இதே சிக்லிட் குடும்பம்தான். ஏரி ஏரியாக அது பரவியது போதாதா?

போன வாரம் அதே கடைக்குப் போய், "எடுத்துக்குங்க, காசு வேண்டாம்" என்றேன். "பெரிய மீனை யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்றான். தலை வரவில்லையாம், உடம்பில் மார்க் சரியில்லையாம். யோகம் என்று விற்றவன், இப்போது ஜாதகம் பார்த்து என் குட்டியைக் குறை சொல்கிறான்! பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் டம்ளரைக் கையில் எடுத்துவிட்டான், அவன் அப்பா "எவ்ளோ பெருசாகும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த வரி வந்துவிட்டது. "ஒரு அடி வளரும், 4 அடித் தொட்டி வேணும், கூட வேற மீன் போடாதீங்க" என்று நான் சத்தமாகவே சொன்னேன். கடைக்காரன் முறைத்தான். அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கப்பி மீன் வாங்கிப் போனார்.

சரி, கடைசியில் பழைய தொட்டி ஒன்று கிடைத்திருக்கிறது, 4 அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, 255 லிட்டர் பிடிக்கும், கண்ணாடியோடு சேர்த்தால் 300 கிலோ தாண்டும். கீழ் வீட்டில் இருக்கிற ஹவுஸ் ஓனரிடம் இன்னும் சொல்லவில்லை. முதல் மாடி, லிஃப்ட் கிடையாது, படி குறுகல். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ரெண்டு பேர் வந்து கை கொடுத்தால் இட்லியும் வடகறியும் என் செலவு. உள்ளே மட்டும் கை விடாதீர்கள்.