மேயர் ஒருவர் ஏ.ஜி. பதவிக்கு நின்றால் என்ன கேட்பது?

அமெரிக்காவில் ஒரு நகர மேயர் மாநில அட்டர்னி ஜெனரல் (ஏ.ஜி.) பதவிக்கு நிற்கிறார் என்றால், அவர் மேல் பாயும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "உங்க ஊர்ல கொலை, கொள்ளை ஏறியிருக்கா, இறங்கியிருக்கா?" கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் அது மறுபடியும் மேயராக நிற்பவரிடம் கேட்க வேண்டியது. ஏ.ஜி. ரோந்துக்கு ஆள் அனுப்புவதில்லை. அவர் வேலை வழக்கு. யார் மேல் போடுவது, யாருக்காக வாதாடுவது, எதில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்பதுதான் அந்த நாற்காலியின் அதிகாரம்.

நம்மூர் ஏ.ஜி.யை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் குழம்பும். இங்கே அட்வகேட் ஜெனரலை அரசியல் சாசனத்தின் 165ஆவது பிரிவின்படி ஆளுநர் நியமிப்பார். ஆட்சி மாறினால் அவரும் வீட்டுக்குப் போவார். அங்கே 43 மாநிலங்களில் மக்களே ஓட்டுப் போட்டு ஏ.ஜி.யைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவர்னர் (நம் முதல்வர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஒரு கட்சி, ஏ.ஜி. எதிர்க்கட்சி என்பதும் நடக்கும். 2006 நவம்பரில் கலிஃபோர்னியா மக்கள் ஒரே நாளில் குடியரசுக் கட்சியின் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரை கவர்னராகவும், ஜனநாயகக் கட்சியின் ஜெர்ரி பிரவுனை ஏ.ஜி.யாகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

மேயர் ஏ.ஜி. ஆவதற்கு அந்த பிரவுனைவிட நல்ல பாடம் கிடையாது. 1975 முதல் 1983 வரை கவர்னராக இருந்தவர், 1999 ஜனவரியில் ஓக்லாண்ட் மேயர் ஆனார். 2006-ல் கட்சிக்குள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர வழக்கறிஞர் ராக்கி டெல்கடியோவையும், பொதுத் தேர்தலில் ஃப்ரெஸ்னோ பக்கத்து மாநில செனட்டர் சக் பூச்சிகியனையும் தோற்கடித்தார். பூச்சிகியன் பிடித்துக்கொண்டது ஓக்லாண்டின் குற்றங்களை. பிரவுன் சுமார் 56 சதவீதம் வாங்கி ஜெயித்தார்.

முதலில் பார்க்க வேண்டியது வேட்பாளரின் பார் பதிவு, அதாவது வழக்கறிஞர் மன்றப் பதிவு. கலிஃபோர்னியா அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 12503ஆவது பிரிவின்படி, தேர்தலுக்கு நேர் முந்தைய 5 ஆண்டுகளாவது மாநில உச்ச நீதிமன்றத்தில் வழக்காட அனுமதி பெற்றவராக இருந்தால்தான் ஏ.ஜி. ஆக முடியும். பிரவுன் 1965-லேயே பதிவு செய்தவர்தான். ஆனால் 1997 முதல் 2003 வரை தன்னைச் 'செயல்படாத உறுப்பினர்' கணக்கில் வைத்திருந்தார். முழுநேர அரசியலில் இருக்கும் வக்கீல்கள் பலர் செய்வதுதான் இது. 2006-லிருந்து 5 வருடம் பின்னால் எண்ணிப் பார்த்தால் இடிக்கிறதல்லவா? எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்தது. தேர்தலுக்குச் சில வாரம் முன்பு வழக்குப் போட்டார்கள். 2007-ல் சாக்ரமெண்டோ நீதிமன்றம் பிரவுன் பக்கம் நின்றது. செயல்படாத உறுப்பினர் என்பதால் பெற்ற அனுமதி பறிபோய்விடாது என்பது காரணம்.

இதை வைத்து எல்லா மாநிலத்திலும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கனெக்டிகட் சட்டத்தில் இருப்பது வெறும் 'அனுமதி' அல்ல, 10 ஆண்டு 'செயல்முறை வழக்கறிஞர் பணி'. 2010-ல் அங்கே ஏ.ஜி.க்கு நிற்கவிருந்த சூசன் பைசெவிச் அப்போது மாநிலச் செயலர் பதவியில் இருந்தவர், தகுதியான வழக்கறிஞரும்கூட. மே மாதம், கட்சி மாநாட்டுக்குச் சில நாள் முன்பு, மாநில உச்ச நீதிமன்றம் அவருக்குத் தகுதியில்லை என்றுவிட்டது. ஒரே ஒரு சொல்லில் ஒருவர் தப்பினார், இன்னொருவர் மாட்டினார். ஆகவே மேயரிடம் "நீங்க வக்கீல்தானே?" என்று கேட்டுப் பயனில்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த நிலையில் இருந்தீர்கள் என்று கேளுங்கள். கலிஃபோர்னியா பார் இணையதளத்தில் பெயரைப் போட்டாலே அந்தத் தேதிகள் வந்துவிடும்; கூட்டத்துக்குப் போகும் முன் 2 நிமிட வேலை.

அடுத்தது என் கணக்கில் மிக முக்கியமானது: குற்றவாளிக் கூண்டில் உங்கள் ஊரே நின்றால்?

கலிஃபோர்னியா அரசியல் சாசனம், 5ஆவது பகுதி, 13ஆவது பிரிவு ஏ.ஜி.யை மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி என்கிறது. மாவட்ட அரசு வழக்கறிஞர்களும் ஷெரிஃப்களும் அவருடைய நேரடி மேற்பார்வையில் வருகிறார்கள். அதோடு 2001 முதல், ஒரு போலீஸ் துறை தொடர்ந்து மக்களின் உரிமைகளை மீறுவதாகத் தெரிந்தால் அதன்மீது சிவில் வழக்குப் போடும் அதிகாரமும் ஏ.ஜி.க்கு உண்டு. பிரவுனுக்கு முன் ஏ.ஜி.யாக இருந்த பில் லாக்யர் அந்த ஆண்டே ரிவர்சைடு நகர போலீஸை அதில் கொண்டுவந்து, 5 ஆண்டு நீதிமன்றக் கண்காணிப்பில் வைத்தார்.

இப்போது ஓக்லாண்டுக்கு வாருங்கள். 2000-ல், பிரவுன் மேயராக இருக்கும்போதே, 'ரைடர்ஸ்' என்று பெயரெடுத்த 4 போலீஸ்காரர்கள் ஆட்களை அடித்ததாகவும், பொய் வழக்குப் போட்டதாகவும் வெடித்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு போலீஸ்காரர்தான் அதை வெளியே சொன்னார். 119 பேர் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நகரம் ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்து, 2003 ஜனவரியில் சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அதன்படி 5 ஆண்டில் முடிய வேண்டிய நீதிமன்றக் கண்காணிப்பு 20 ஆண்டு தாண்டியும் ஓடியது.

ஆக, கேள்வி தானாக எழுகிறது: "லாக்யர் ரிவர்சைடுக்குச் செய்ததை, நீங்கள் ஓக்லாண்டுக்குச் செய்வீர்களா?" செய்வேன் என்றால் தன் மேயர் ஆட்சியைத் தானே விசாரிக்க வேண்டும். செய்யமாட்டேன் என்றால் மற்ற ஊர்கள் சும்மா விடுமா? பதவிக்கு வந்தபின் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் மேவுட் என்ற சின்ன ஊரின் போலீஸ் மீது 2009-ல் பிரவுன் அந்த அதிகாரத்தை எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சின்ன ஊர் என்றால் கை சுலபமாக நீளும்.

இந்த இடத்தில் வேட்பாளர்கள் "அந்த விவகாரத்திலிருந்து விலகிக்கொள்வேன்" என்று நழுவுவார்கள். விடாதீர்கள். விலகினால் முடிவெடுப்பது யார்? அந்தக் கட்டு உங்கள் மேசைக்கே வராதபடி அலுவலகத்துக்குள் எப்படித் தடுப்பீர்கள்? நீங்கள் விலகிய விஷயம் வெளியில் யாருக்காவது தெரியுமா? இந்த மூன்றுக்கும் பதில் வராவிட்டால் விலகல் என்பது வாய்ப்பேச்சு.

மூன்றாவது, பிடிக்காத சட்டம். பிரவுன் மரண தண்டனைக்கு எதிரி. கவர்னராக 1977-ல் அதைக் கொண்டுவரும் மசோதாவை வீட்டோ செய்தார். சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. அதே மனிதர் ஏ.ஜி. ஆனபின் அவருடைய அலுவலகம் மரண தண்டனைகளுக்காக நீதிமன்றத்தில் நின்றது. 2010 செப்டம்பரில்கூட ஒரு தண்டனையை நிறைவேற்ற மல்லுக்கட்டியது. சரி, 'சட்டம் சட்டம்தான்' என்று எடுத்துக்கொள்ளலாமா? முடியாது. ஒரே பாலினத் திருமணத்தைத் தடுக்கும் 8ஆவது முன்மொழிவை 2008-ல் மக்கள் 52 சதவீத ஓட்டில் நிறைவேற்றியதும், அதைக் காக்க வேண்டிய பிரவுன், அது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றத்திடம் சொன்னார். அடுத்து வந்த கமலா ஹாரிஸும் (ஆமாம், துளசேந்திரபுரம் கோபாலன் பேத்தியேதான்) காக்க மறுத்தார். ஃபெடரல் நீதிமன்றம் அது செல்லாது என்றிருந்ததால், முன்மொழிந்தவர்களே மேல்முறையீட்டை நடத்த வேண்டியதாயிற்று. அப்படி நடத்த அவர்களுக்கு உரிமையில்லை என்று 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. அந்தத் தீர்ப்பின் முடிவு எனக்கு உவப்பானதுதான். ஆனாலும் ஒரு வக்கீல் வராமல் இருப்பதே வழக்கின் தலையெழுத்தை எழுதும் என்றால், எதற்கு வருவார், எதற்கு வரமாட்டார் என்பதை ஓட்டுக்கு முன்பே கேட்பதுதான் நியாயம்.

அதே 8ஆவது முன்மொழிவில் இன்னொரு அதிகாரமும் தெரிந்தது. அங்கே மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவரும் முன்மொழிவுகளுக்குத் தலைப்பும் சுருக்கமும் எழுதுவது ஏ.ஜி. 100 சொல்லுக்குள் எழுத வேண்டும். பல வாக்காளர்கள் படிப்பது அதை மட்டும்தான். கையெழுத்துத் திரட்டும்போது தலைப்பு 'திருமணத்துக்கு வரம்பு'. 2008 மே மாதத் தீர்ப்பால் அந்தத் திருமணங்கள் சட்டபூர்வமான பின், பிரவுன் அதை 'ஒரே பாலின இணையர் மணக்கும் உரிமையை நீக்குகிறது' என்று மாற்றினார். எதிர்த்துப் போட்ட வழக்கு நிற்கவில்லை. அதனால் வேட்பாளரிடம் நிஜமான ஒரு முன்மொழிவைக் கொடுத்து, அங்கேயே தலைப்பு எழுதச் சொல்லலாம். சாய்வு எந்தப் பக்கம் என்று ஒரு வரியில் தெரிந்துவிடும்.

சுற்றுச்சூழலில் நடந்தது தனி வேடிக்கை. மேயர் பிரவுனுக்கு ஓக்லாண்ட் டவுன்டவுனில் 10,000 பேரைக் குடியமர்த்தும் திட்டம் இருந்தது. அதற்குக் குறுக்கே வந்த மாநிலச் சுற்றுச்சூழல் சட்டத்திலிருந்து (ஊரில் 'சீக்வா' என்பார்கள்) விலக்குக் கேட்டார். ஏ.ஜி. பிரவுனோ 2007-ல் அதே சீக்வாவைக் கையில் எடுத்து, வளர்ச்சித் திட்டத்தில் பசுங்குடில் வாயுக்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்று சான் பெர்னார்டினோ கவுண்டி மீது வழக்குப் போட்டார். ஆகஸ்டில் சமரசம் ஆனது. நாற்காலி மாறியதும் சட்டம் வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. மேயராக எந்தெந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்டீர்கள் என்ற பட்டியலை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாகத் தேதிகள். ஏ.ஜி. என்பதை 'ஆஸ்பைரிங் கவர்னர்' என்று அங்கே கேலியாக விரிப்பார்கள். கவர்னர் நாற்காலிக்கு ஆசைப்படுபவர். 2010-ல் பெல் என்ற சின்ன நகரத்தின் மேலாளர் ஆண்டுக்கு 8 லட்சம் டாலரை நெருங்கிச் சம்பளம் வாங்கியது ஜூலையில் பத்திரிகையில் வந்தது. செப்டம்பரில் பிரவுன் வழக்குப் போட்டார். போட வேண்டிய வழக்குத்தான். நவம்பரில் கவர்னர் தேர்தல், வேட்பாளர் அவரே.