அது லோ பீம்தானாம்!

நேற்று இரவும் அதே கொடுமைதான். எதிரே வந்த காரின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்ததால், தூரத்துக்கு அடிக்கும் ஹை பீமைத் தணிக்க மறந்துவிட்டார் போலும் என்று எண்ணி, என் விளக்கை இருமுறை அடித்துக் காட்டினேன். பதிலுக்கு அவர் தம் உண்மையான ஹை பீமை ஒரு கணம் போட்டுக் காட்டினார். அதுவரை என்னைக் குருடாக்கிக்கொண்டிருந்தது, எதிரே வருபவர் கண்ணில் படாமல் தாழ அடிக்க வேண்டிய அவருடைய லோ பீம்தானாம்! அந்தக் கார் கடந்துபோன பிறகும் சில விநாடிகள் சாலையின் விளிம்பு எது, பள்ளம் எது என்று புரியாமல் ஊர்ந்து சென்ற எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை.

லோ பீமின் வேலையில் பாதி, வெளிச்சம் எங்கே போகக்கூடாது என்பதில்தான் இருக்கிறது. லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் தனித்தனி இழை கொண்ட எச் 4 ஹாலஜன் பல்பில், லோ பீம் இழையின் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். பல்பைச் சுற்றியுள்ள, ஒளியை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேல்நோக்கித் தெறிக்கக்கூடிய ஒளியை அது மறித்துவிடுவதால்தான், எதிரே வருபவரின் கண்மட்டத்துக்குக் கீழே கோடு கிழித்தாற்போல் வெளிச்சம் நின்றுவிடுகிறது. இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளில் அந்தக் கோடு இடது ஓரத்தில் மட்டும் சற்றே மேலேறி, சாலையோரம் நடப்பவரையும் அறிவிப்புப் பலகையையும் காட்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இது நேர்மாறாக இருக்கும். இழை ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் இந்த ஏற்பாடு குலைந்துவிடும். இத்தனை நுட்பமாக வடித்த கூட்டுக்குள், வடிவமும் இடமும் பொருந்தாத ஏதோவொரு எல்.இ.டி பல்பைத் திணித்துவிட்டு, "பகல் போல இருக்கிறது பாருங்கள்" என்று பெருமை பேசுபவர்களை என்னவென்பது? எத்தனை லூமன், அதாவது மொத்தம் எவ்வளவு ஒளி என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஒளி எங்கே போய் விழும் என்று அச்சிட்ட பெட்டி எதுவும் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

இவ்வளவு செய்தும், அந்த பல்பைப் போட்டவருக்கே தூரம் தெரிவதில்லை. முகப்புக்கு அருகே பத்து மீட்டர் தரை பாலாக வெளுத்திருக்கும்போது கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடுகிறது. அதற்கப்பால் இருட்டில் நடந்து வரும் ஆள் பார்வைக்குச் சிக்குவதில்லை. உடனே விளக்கையே மேலே தூக்கி வைக்கச் சொல்கிறார்கள். 70 செ.மீ. உயரத்தில் உள்ள விளக்கை 10 மீட்டருக்கு 10 செ.மீ. என்ற கணக்கில் தாழ்த்தி வைத்தால், அந்தக் கோடு 70 மீட்டரில் தரையைத் தொடும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், ஓட்டுநர் சுதாரித்துக்கொள்ளும் ஒன்றரை விநாடியிலேயே 37 மீட்டரைத் தாண்டிவிடும். பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையிலும் இன்னும் நாற்பது மீட்டராவது வேண்டும். கணக்கு உதைக்கிறதல்லவா? அப்படியானால் வேகத்தைக் குறையுங்கள் ஐயா, என் கண்ணை ஏன் பறிக்கிறீர்கள்?

பல கார்களில் ஸ்டீயரிங்குக்கு அருகே 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் ஒன்று இருக்கிறது. பின் இருக்கையில் மூவரும் டிக்கியில் மூட்டைகளும் ஏறினால் வண்டியின் முன்பக்கம் நிமிர்ந்து, விளக்கும் அதனுடன் நிமிர்ந்துவிடும். அப்போது அதைத் திருகி வெளிச்சத்தைத் தாழ்த்த வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர், அது மீட்டர் விளக்கின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைப்பதற்கானது என்றே பல ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தார். (என் காரில் இருந்ததை நானும் முதல் மூன்று ஆண்டுகள் தொட்டதில்லை, அந்த நாட்களில் எனக்கு எதிரே வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.)