கேமரா இல்லாமல் எடுத்த படம்

ஃபிலிம் வாங்கக் காசில்லாத நிலையில், 1963இல் அமெரிக்கப் பரிசோதனைப் பட இயக்குநர் ஸ்டான் பிராக்கேஜ் ஒரு படம் எடுத்தார். விளக்கில் மோதிச் செத்துக் கிடந்த விட்டில்களின் இறக்கைகளைப் பொறுக்கினார். அதோடு பூவிதழ், இலை, புல். எல்லாவற்றையும் 16 எம்.எம். அகலமுள்ள இரண்டு ஒட்டு நாடாக்களுக்கு நடுவில் வைத்து ஒட்டினார். அதை லேபில் பிரிண்ட் போட்டதுதான் 'மாத்லைட்'. சுமார் நான்கு நிமிடப் படம். சத்தமே கிடையாது. செத்த இறக்கைகள் திரையில் படபடக்கும், நரம்பு நரம்பாகத் தெரியும்.

பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் சினிமா பேசும்போதெல்லாம், "நல்ல கேமரா இல்லண்ணா, சென்னைக்குப் போனாத்தான் ஆகும்" என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் முதல் பெயர் பிராக்கேஜ். ஹாலிவுட் பக்கம் ஒதுங்காமல் கொலராடோ மலைப்பகுதியில் பல வருடம் வாழ்ந்தபடி படம் எடுத்தவர். மொத்தம் 350க்கும் மேல். 'ஐ மித்' ஒன்பதே நொடி, 'தி ஆர்ட் ஆஃப் விஷன்' நான்கு மணி நேரத்துக்கும் மேல். கதை எங்கே என்று கேட்பார்கள். கதை இல்லைதான். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்ற எதிர்பார்ப்பு போனபிறகுதான் நிறமும் வெளிச்சமும் கண்ணில் படுகின்றன என்பது என் அனுபவம்.

நம் பிள்ளைகளுக்கு இது அந்நியமே இல்லை. பட்டுப்புழு வளர்க்க மல்பெரி வைத்திருக்கும் வீடுகளில் பிறந்தவர்கள். ராத்திரியில் புழுக்கள் தழை தின்னும் சத்தத்தை மழைச்சத்தம் போலக் கேட்டு வளர்ந்தவர்கள். கூடு கட்ட விடும் தட்டான சந்திரிகையில் புழு கூடு கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். அதை ஏன் யாரும் படமாக்கவில்லை?

ஆசிரியராகவும் பிராக்கேஜ் எனக்குப் பெரியவர். சிகாகோவில் பாடம் எடுத்தார், 1981 முதல் கொலராடோ பல்கலைக்கழகத்தில். அங்கே படித்த ட்ரே பார்க்கரும் மேட் ஸ்டோனும் பின்னாளில் 'சவுத் பார்க்' என்ற நையாண்டி கார்ட்டூன் தொடர் செய்தார்கள். வாத்தியார் பாணிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. பார்க்கர் மாணவராக இருந்தபோது எடுத்த படத்தில் பிராக்கேஜே சின்ன வேடத்தில் நடித்தும் கொடுத்தார்! தன்னைப் போலவே எடு என்று சொல்லாத வாத்தியார் எத்தனை பேருக்குக் கிடைக்கிறார்?

ஃபிலிமில் கையால் பூசிய சாயங்கள்தான் தனக்குப் புற்றுநோய் தந்திருக்கும் என்று அவர் நினைத்தார். 2003இல் இறப்பதற்கு முன், படுக்கையில் இருந்தபடியே எச்சிலால் ஃபிலிமை ஈரப்படுத்தி நகத்தால் கீறி ஒரு படம் செய்தார். உடம்பு முடியாதபோதும் வேலை நிற்கவில்லை.

அடுத்த மாதம் பிள்ளைகளுக்கு 'மாத்லைட்' போட்டுக் காட்டப்போகிறேன். அப்புறம் அவர்களே ஃபிலிமில் கீறிப் பார்க்கட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மூடிய தியேட்டர்களின் பழைய 35 எம்.எம். ஃபிலிம் துண்டுகள் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.