முழுக்கைச் சட்டை

ட்ரேமியோனி ஃபிக், அதாவது டிராகோவையும் ஹெர்மயனியையும் ஜோடி சேர்த்து ரசிகர்கள் எழுதும் கதை, படிக்கிறேன் என்று சொன்னாலே ஹாரி பாட்டர் வாசகர்களில் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். நியாயம்தான். டிராகோ மால்ஃபாய் இரண்டாம் புத்தகத்திலேயே ஹெர்மயனியை ‘மட்பிளட்’ என்று திட்டியவன். பிறப்பைச் சொல்லித் திட்டும் வசவு. அதன் எடையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த புத்தகத்தில் அவள் அவனைப் பளாரென்று அறைகிறாள். இந்த ரெண்டு பேருக்கும் ஜோடிப் பொருத்தமா? நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காய்ச்சல் ராத்திரி, தூக்கம் வராமல் ஒரு ஃபிக்கைத் திறந்தேன். மூடும்போது மணி நாலு. நடுவில் சத்தமாகச் சிரித்து அம்மாவிடம் திட்டும் வாங்கினேன்.

சிரிக்க வைத்தது ஃபெரெட். நாலாம் புத்தகத்தில் டிராகோவை வெள்ளை ஃபெரெட்டாக, கீரி மாதிரி ஒரு பிராணியாக, மாற்றிக் கல் தரையில் பந்து மாதிரி துள்ள விடுவார்களே, அதை ஃபிக் எழுதுகிறவர்கள் ஆயுசுக்கும் விடமாட்டார்கள். அவனுக்கு முப்பது வயசானாலும் சரி, மந்திர அமைச்சகத்தில் பெரிய பதவியில் இருந்தாலும் சரி, ஹெர்மயனி வாயைத் திறந்தால் கீரிப்பிள்ளைதான். (ஃபெரெட் வேறு, கீரி வேறு. தெரியும். என் மனசுக்குள் அவன் கீரிதான்.)

நாலைந்து ஃபிக் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அவள் ஃபெரெட் கதையையே பேசுகிறாள் என்றால், பேச முடியாத இன்னொன்று இருக்கிறது. ஏழாம் புத்தகத்தில் மால்ஃபாய் மாளிகையின் வரவேற்பறை. பிடிபட்ட ஹாரியைக் காட்டி இவன்தானா என்று கேட்டபோது டிராகோ உறுதியாகத் தெரியவில்லை என்றான். ஹெர்மயனியைக் காட்டிக் கேட்டபோது இழுத்து இழுத்து, கடைசியில் ஆமாம் போல ஏதோ முனகினான். கொஞ்ச நேரத்தில் அதே அறையில் பெல்லாட்ரிக்ஸ் அவளைச் சித்திரவதை செய்கிறாள். அவன் வீடு. அவன் பெரியம்மா. அந்த அலறலை ரெண்டு பேராலும் வாயால் சொல்ல முடியாது. ஃபெரெட்டைச் சொல்லலாம். நல்ல ஃபிக்கில் ஒவ்வொரு ஜோக்கும் அந்த அறையைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

அந்த அறையே நடக்காத மாதிரி ‘கிரேஞ்சர்’, ‘மால்ஃபாய்’ என்று செல்லச் சண்டை போடும் வெறும் ஃப்ளஃப் எனக்கு ரெண்டு அத்தியாயத்துக்கு மேல் ஓடாது. நாற்பது அத்தியாயமும் அழுதே தீர்க்கும் ஆங்ஸ்ட்டும் அப்படித்தான். இழவு வீட்டில்கூட திண்ணையில் ஒருத்தர் இறந்தவரின் குறும்பைச் சொல்லிச் சிரிக்க வைப்பாரே, அந்த ஆள் கதைக்குள் இருக்க வேண்டும்.

சுபமாக முடிகிற ஃபிக்கிலும் மனசு கனப்பதற்குக் காரணம், அசல் முடிவு நமக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் கழித்து, 2017 செப்டம்பர் 1, கிங்ஸ் கிராஸ் நடைமேடை. டிராகோ மனைவி மகனோடு நிற்கிறான். வெடுக்கென்று ஒரு தலையசைப்பு. திரும்பிக்கொள்கிறான். அவ்வளவுதான். போதாததற்கு முன்வழுக்கை வேறு. ஃபிக்கில் மட்டும் அவனுக்கு ஒரு முடிகூடக் கொட்டுவதில்லை!

2025-ல் மட்டும் இந்த ஜோடியின் ஃபிக் உலகத்திலிருந்து மூன்று கதைகள் பெயரும் உலகமும் மாறி அச்சு நாவல்களாக வந்தன. எழுதியவர்களுக்குக் காசு கிடைக்கட்டும், சந்தோஷம். ஆனால் பெயரை எடுத்துவிட்டால் ஃபெரெட்டும் போகும், நடைமேடைத் தலையசைப்பும் போகும். எனக்கு அது ரசம் இறுத்த மண்டி.

அந்தச் சித்திரவதையில் ஹெர்மயனி கையில் ‘மட்பிளட்’ என்று கீறியதாகப் புத்தகத்தில் கிடையாது. 2010-ல் வந்த படத்தில் சேர்த்தது. ஃபிக்காரர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். டிராகோவின் இடது கையில் வில்லன் வோல்டமார்ட்டின் முத்திரை இருக்கிறதே.

நானும் ஒன்று எழுதிப் பார்த்தேன். ஜூலை மாசம், அமைச்சக லிஃப்டில் ரெண்டு பேரும் மாட்டிக்கொள்கிறார்கள். புழுக்கம்.

“இந்த வெக்கைல முழுக்கைச் சட்டையா, மால்ஃபாய்?”

“கீரிக்கு உடம்பெல்லாம் முடி. மறைச்சுக்கறேன்.”

அவள் சிரிக்கிறாள். அவன் அவள் சட்டையைப் பார்க்கிறான். அதுவும் முழுக்கை.

மூணு மாசமாக லிஃப்ட் அங்கேயே நிற்கிறது.